கொன்ற கணக்கு: வீர விளையாட்டும் அதன் பகடியும்

பரணி பாடப்பட வேண்டுமானால் பாட்டுடைத் தலைவனுக்கு ஒரு தகுதி வேண்டும். போர்க்களத்தில் அவன் ஆயிரம் யானைகளை வென்றிருக்க வேண்டும் என்கிறது இலக்கண விளக்கப் பாட்டியல். பன்னிரு பாட்டியல் கொஞ்சம் மனமிரங்கி 700 போதும் என்று விட்டுவிடுகிறது. ஓர் இலக்கிய வகைமையின் இலக்கணம் யாப்பில் தொடங்காமல், திணை துறையில் தொடங்காமல், ஓர் எண்ணில் தொடங்குவது கவனத்திற்குரியது. 999-இல் நின்றுபோனவன் கதி என்ன? நின்று எண்ணியது யார்? இரண்டு பேர் சேர்ந்து வெட்டிய யானை யார் கணக்கில் ஏறும்? தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதையெல்லாம் கேட்டால் 'மரபு' என்ற ஒற்றைச் சொல்லால் வாயை அடைத்துவிடுவார்கள். மரபுதான். ஆனால் மரபு என்பது யாரோ எழுதிவைத்த விதி. விதி என்று ஒன்று இருந்தால் அதை வைத்து விளையாடவும் முடியும்.

இங்கே பேச எடுத்துக்கொண்டது பரணியை அல்ல. பரணியின் அந்த எண்ணை, அது கிடந்த இடம் தெரியாமலேயே, தன் இலக்கணமாக வைத்துக்கொண்ட இன்னொரு வகைமையை. 'பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு' என்று பெயர். ஆடுகிறவர்கள் சுருக்கமாக ஆர்.பி.ஜி. என்பார்கள். கணினியில், கைப்பேசியில், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த கருவியில் ஆடப்படுவது. ஆடியறியாத வாசகருக்காகச் சொல்ல வேண்டுமானால், அதன் கதை அநேகமாக ஒரே கதை. ஓர் ஊரில் ஓர் இளைஞன். எங்கோ தொலைவில் ஒரு பெரும் அரக்கன். அவனைக் கொல்லப் புறப்படுகிறவன் வழியில் சின்னச் சின்னப் பூதங்களைக் கொல்ல வேண்டும். கொன்றால் 'அனுபவப் புள்ளி'. புள்ளி சேரச் சேர 'லெவல்' ஏறும். லெவல் ஏறினால் இன்னும் பெரிய பூதத்தைக் கொல்லலாம். ஊருக்குள் வந்தால் கேட்காமல் கொள்ளாமல் எந்த வீட்டிலும் புகுந்து அலமாரியைத் துழாவி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வீரன் அல்லவா!

இதன் வம்சாவளி நேரடியாகப் போர்க்களத்துக்குத்தான் போகிறது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி தன் ராணுவத்துக்காக வகுத்துக்கொடுத்த வரைபடப் போர் விளையாட்டு, பின்னால் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஆடும் பொழுதுபோக்காகி, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் கையில் 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆயிற்று. படைகளின் இடத்தில் தனியாள் வந்தான். படையின் இழப்புக் கணக்கு தனியாளின் அனுபவக் கணக்காகத் திரும்பியது. அந்த முதல் விளையாட்டில் பூதத்தைக் கொன்றதற்கு மட்டுமல்ல, குகைக்குள்ளிருந்து பொன்னைக் கொண்டுவந்து சேர்த்ததற்கும் புள்ளி உண்டு. அடுத்தவன் இருப்பிடத்தில் இறங்கு, அவனைத் தீர், இருப்பதை வாரு, இதற்குப் பெயர் அனுபவம். 1986-இல் யூஜி ஹொரீயின் 'டிராகன் குவெஸ்ட்' ஜப்பானில் வந்தபோது சூத்திரம் சிறுபிள்ளைகளுக்கும் புரிகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதில் முதலில் எதிர்ப்படும் கொழகொழ ஜந்து ஒன்றைக் கொன்றால் ஓர் அனுபவப் புள்ளி.

நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஊட்டியின் வரலாறு குறுக்கே வராமல் இருக்காது. ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் விளையாட்டு. வேட்டை விலங்குக்கும் அதே சொல். 1879-இல் நீலகிரிக்கென்று இயற்றப்பட்ட வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டாவது 'கேம்' பற்றியது. எந்தப் பருவத்தில் சுடலாம், யாருக்கு உரிமம் என்று அது வகுத்தது. சுடுகிற இன்பம் தீர்ந்துபோகாமல் இருக்க விலங்கைக் காப்பாற்றுவது! டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைப் பதிவுகள் (1892), பிளெட்சரின் நீலகிரி - வயநாட்டு வேட்டை நூல் (1911) போன்ற துரைமார் புத்தகங்களில் கொம்பின் நீளத்துக்குக் கிடைக்கிற கவனம், தடம் பார்த்துக் கூட்டிக்கொண்டு போன காட்டு மனிதர்களின் பெயருக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் அவர்கள் வெறும் 'குறும்பன்'. ஸ்ரீமதுரை, கூடலூர்ப் பக்கமெல்லாம் அந்தப் புத்தகங்களின் வரைபடத்தில் வயநாட்டின் தென்கிழக்கு மூலை. மலபாரிலிருந்து பிரித்து 1877-இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். (பந்துக்கு இத்தனை புள்ளி என்று எண்ணி ஆடும் ஸ்னூக்கருக்கு 1882-இல் விதி எழுதி மாட்டியதும் ஊட்டி கிளப்பில்தான். புள்ளி போடுவதில் அப்படியொரு பிரியம்.) தமிழும் இந்த விஷயத்தில் குற்றமற்றதல்ல. வேட்டையாடுகிறோம், விளையாடுகிறோம், இரண்டிலும் ஒட்டிக்கொண்டு நிற்பது அதே 'ஆடு'தான்.

இனிப் பகடி. வீரக்கதையைக் கேலி செய்தல் என்றாலே செர்வாண்டிஸை (1605, 1615) வணங்கித் தொடங்குவது வழக்கம். ஆனால் டான் கிஹோத்தே வாசகனின் பைத்தியத்தைக் காட்டுகிறது. விளையாட்டில் வாசகன்தான் வீரன். அங்கே பகடிக்கு வேறு வேலை இருக்கிறது. 1984-இல் வந்த 'பாரனோயா' என்ற மேசை விளையாட்டு முதல் அடியை அடித்தது. அதில் எல்லோரும் பூமிக்கடியில் ஒரு கணினியின் ஆட்சியில் வாழ்கிறார்கள். துரோகிகளைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது வீரர்களின் கடமை. வீரர்கள் எல்லோருமே ரகசியத்தில் துரோகிகள். ஆடுகிறவனுக்கு மொத்தம் ஆறு நகல் உயிர்கள். ஆட்டம் முடிவதற்குள் அதுவும் போதாமல் போகலாம். ரீகன் காலத்து அமெரிக்காவில் இது சும்மா சிரிப்பல்ல. 2002-இல் 'ப்ராக்ரஸ் குவெஸ்ட்' என்று ஒன்று வந்தது. பாத்திரத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. கணினி தானே பூதங்களைக் கொன்று, தானே பொருளை விற்று, தானே லெவல் ஏற்றிக்கொள்ளும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம், இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். கதையை எடுத்துவிட்டு, படத்தை எடுத்துவிட்டு, ஆடுகிறவனையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? கணக்குப் புத்தகம். இவ்வளவு சிக்கனமான விமர்சனத்தை நம் திறனாய்வாளர்கள் எழுதியதில்லை.

அதற்கடுத்த ஆண்டு சாக் ஜான்சன் தொடங்கிய 'கிங்டம் ஆஃப் லோதிங்' வேறு ரகம். குச்சி மனிதர்கள், நாணயத்துக்குப் பதில் இறைச்சி, சீல் அடிப்பவன், ஆமை பழக்குபவன், அக்கார்டியன் திருடன் என்று வீர வர்க்கங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல் விளையாட்டு. காளமேகத்துக்குக் கணினி கிடைத்தால் இப்படித்தான் எதையாவது செய்து வைத்திருப்பார். நான் ரசித்த விளையாட்டு. ஆனால் சிரித்து முடித்த பிறகு பார்த்தால் அடியில் அதே இயந்திரம் அசையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது: கொல், சேர், ஏறு. பூதத்தின் பெயர் மட்டும்தான் நகைச்சுவையானது. அதன் சாவுக்குக் கிடைக்கும் புள்ளி முழு மதிப்புள்ளது.

இந்த இடத்தில்தான் பகடி இரண்டாகப் பிரிகிறது என்று நினைக்கிறேன். ஒன்று, வகைமையின் ஆடை அணிகளைக் கேலி செய்துவிட்டு அதன் கணக்கைத் தொடாமல் விடுவது. மற்றது, கணக்கிலேயே கை வைப்பது. முதலாவது நமக்குப் பழக்கமானது. கலிங்கத்துப்பரணியில் 'களம் பாடியது' பகுதியைப் பாருங்கள். பசியில் வாடிய பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு, பார்ப்பனப் பேய்க்கு, சமணப் பேய்க்கு, புத்தப் பேய்க்கு, குருட்டுப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு என்று அததன் தன்மைக்கேற்ப வார்த்துப் பரிமாறும் அந்த அடுக்களைக் கூத்து, பக்தின் கையில் கிடைத்திருந்தால் 'கார்னிவல்' என்று ஓர் அத்தியாயமே எழுதியிருப்பார். எழுதலாம். ஆனால் உண்டு முடித்த பேய்கள் கடைசியில் செய்வது என்ன? குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. சிரிப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு வாழ்த்தும் பலமாகிறது. நம் காலத்தில் சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' (2006) ராஜா ராணிப் படங்களின் வசனத்தையும் மீசையையும் சிம்மாசனத்தையும் கந்தலாக்கியது. வடிவேலு இல்லாவிட்டால் நடந்திருக்காது. ஆனாலும் உக்கிரபுத்தன் என்ற நல்ல இரட்டையன் வந்து அதே சிம்மாசனத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. 'தமிழ்ப் படம்' (2010) அந்த அளவுகூடக் கவலைப்படவில்லை; நாயக வழிபாட்டின் சடங்குகளை ஒன்றுவிடாமல் பட்டியல் போட்டுச் சிரித்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது வகைக்கு வருவோம். 1997 அக்டோபரில் ஜப்பானில் லவ்-டி-லிக் என்ற சிறு குழு 'மூன்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. தொடக்கத்தில் ஒரு சிறுவன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து வழக்கமான ஒரு வீர விளையாட்டை ஆடுகிறான். நாமும் அவனோடு ஆடுகிறோம், பூதங்களைக் கொல்கிறோம், லெவல் ஏறுகிறோம். பிறகு அந்தச் சிறுவன் பெட்டிக்குள் இழுக்கப்பட்டு விளையாட்டின் உலகத்துக்குள்ளேயே விழுகிறான், யார் கண்ணுக்கும் தெரியாத ஒருவனாக. அங்கேயிருந்து பார்க்கும்போது வீரன் எப்படியிருக்கிறான்? கவசம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் புகுந்து துழாவும் கிறுக்கன். பூதங்கள் என்று நாம் வெட்டிச் சாய்த்தவை அந்தக் காட்டுப் பிராணிகள்; அவற்றின் பிணங்கள் வழியெங்கும் கிடக்கின்றன. சிறுவனின் வேலை அவற்றின் ஆன்மாக்களைப் பிடித்து மீட்பது. அதற்கும் லெவல் உண்டு, ஆனால் அன்பின் லெவல். இருபத்து மூன்று ஆண்டுகள் இது ஜப்பானிய மொழியை விட்டு வெளியே வரவில்லை. 2020-இல்தான் ஆங்கிலத்தில் வந்தது. அதற்குள் அதைப் பற்றிய பேச்சு மட்டும் கடல் கடந்து போய் ஓர் அமெரிக்க இளைஞன் காதில் விழுந்திருந்தது.

டோபி ஃபாக்ஸ் என்ற அந்த இளைஞர் எழுத்து, இசை, நிரல் என்று ஏறக்குறையத் தனியாளாகவே உருவாக்கி 2015 செப்டம்பரில் வெளியிட்டது 'அண்டர்டேல்'. 2013-இல் பொதுமக்களிடம் திரட்டிய பணம் சுமார் 51,000 டாலர். பெரிய நிறுவனங்கள் ஒரு விளம்பரத்துக்குச் செலவழிக்கும் காசு. நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பொருளாதாரம் உடனே விளங்கும்.

மனிதர்களிடம் போரில் தோற்றுப் பூமிக்கடியில் அடைக்கப்பட்ட பூதங்களின் நாட்டில் ஒரு மனிதக் குழந்தை விழுந்துவிடுகிறது. ஏறி வெளியே போக வேண்டும். வழியில் பூதங்கள் மறிக்கும். தாக்கலாம், அல்லது 'கருணை' என்ற பொத்தானை அழுத்தலாம். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு மனக்குறை இருக்கும்: ஒன்றுக்குத் தன் நகைச்சுவைக்கு யாராவது சிரிக்க வேண்டும், இன்னொன்றுக்குத் தடவிக்கொடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தால் சண்டை போடாமலே நகரலாம். சிரிப்பு நிறைய. பாப்பிரஸ் என்றொரு எலும்புக்கூடு மனிதக் குழந்தையைப் பிடிக்கப் புதிர்ப் பொறிகள் வைத்து, ஒவ்வொன்றும் சொதப்பி, கடைசியில் சேமியா சமைத்துக் கொடுத்துச் சிநேகிதம் பிடிக்கப் பார்க்கும். கடைக்குப் போய் வேண்டாத சாமானை விற்கப் பார்த்தால், இதென்ன அடகுக்கடையா என்கிற பாவனையில் கடைக்காரி விரட்டுவாள். (எந்த ஆர்.பி.ஜி.யிலும் கடைக்காரன் எதையும் வாங்கிக்கொள்வான். அந்தப் பொருளாதாரம் எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை.) ஒரே ஒரு கடையில் வாங்குவார்கள், அந்தக் கடைக்காரப் பிராணி கல்லூரிக்குப் போகப் பணம் கேட்கும்.

இதுவரை முதல் வகைப் பகடிதான். ஆனால் தொடக்கத்திலேயே டோரியல் என்ற தாய்ப் பூதம் ஒன்று வருகிறது. குழந்தையைக் கைப்பிடித்து நடத்தி, பலகாரம் செய்து கொடுத்து, வெளியே போனால் செத்துவிடுவாய் என்று வாசலை மறித்து நிற்கிறது. பேசிப் பார்த்தால் பலனில்லை. கருணைப் பொத்தானை ஓரிரு முறை அழுத்தினாலும் பலனில்லை. வகைமையின் பழக்கம் என்ன சொல்கிறது? கொஞ்சம் அடி, பலவீனப்படுத்து, பிறகு விட்டுவிடு. அடிக்கிறீர்கள், எதிர்பாராத ஓர் அடியில் அவள் செத்தே போகிறாள். மனசு கேட்காமல், பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி ஆடி, இந்த முறை பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கருணையை அழுத்தி அவளைக் காப்பாற்றிவிடுகிறீர்கள். அப்பாடா என்று வெளியே வந்தால் ஃப்ளவி என்ற ஒரு பூ முளைத்து நிற்கிறது. நீ அவளைக் கொன்றாய், அப்புறம் வருத்தப்பட்டுத் திரும்பி வந்தாய், எனக்குத் தெரியும் என்கிறது.

விளையாட்டின் வரலாற்றில் இது சின்ன விஷயமல்ல. 'சேமித்து மறுபடி ஆடுவது' விளையாட்டுக்கு வெளியே இருக்கும் உரிமை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாதது என்பதுதான் அதுவரை எழுதப்படாத விதி. அண்டர்டேல் அந்த உரிமையையும் கதைக்குள் இழுத்துவிடுகிறது. அழித்த கணக்கும் கணக்கில் நிற்கிறது.

இன்னும் போகலாம். ஒவ்வொரு பகுதியிலும் தேடித்தேடி எல்லாவற்றையும் தீர்த்துக்கட்டுவது என்று முடிவெடுத்தால் விளையாட்டு தடுக்காது. சேமிக்கும் இடத்தில், இன்னும் இத்தனை பாக்கி என்று எண்ணைக் காட்டும். எல்லாம் முடிந்ததும் பூதம் எதிர்ப்பட வேண்டிய இடத்தில், ஒருவரும் வரவில்லை என்று ஒரு வரி. இசை மந்தமாகும். நகைச்சுவை நின்றுபோகும். கொல்வதில் வேடிக்கையே இல்லை, வெறும் உழைப்பு. பரணி எண்ணாமல் விட்ட பக்கம் இது: ஆயிரமாவது யானைக்கு அடுத்த நாள் களத்தில் என்ன சத்தம் கேட்டது?

பாப்பிரஸின் அண்ணன் சான்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் தூங்கி, மட்டமான சிலேடை சொல்லி, ஓரமாக நின்று தானும் ஆட்டத்தில் ஒரு பார்வையாளன்போல நடந்துகொள்கிற எலும்புக்கூடு. தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவனை உடனே அடையாளம் தெரியும்: கட்டியங்காரன். ராஜா விருத்தம் பாடி வரும்போது பக்கத்தில் நின்று நம் பேச்சில் மறுமொழி சொல்லி அவன் கிரீடத்தைக் கோணலாக்குகிறவன்; இது கூத்து என்று தெரிந்திருக்கும் ஒரே பாத்திரம். சான்ஸுக்கும் அது தெரியும். காலம் திரும்பத் திரும்ப அழிக்கப்படுவதை அவன் உணர்ந்திருக்கிறான். கடைசி மண்டபத்தில் அவன்தான் வழியை மறித்துக் கணக்குக் கேட்கிறான். அங்கே ஒரு சொல்லை உடைத்துக் காட்டுகிறான். 'இ.எக்ஸ்.பி.' என்பதை அனுபவம் என்றுதானே இத்தனை நேரம் நினைத்தாய், அது 'எக்ஸிகியூஷன் பாயிண்ட்ஸ்', மரணதண்டனைப் புள்ளி. 'லவ்' என்று முதல் நிமிடத்தில் ஃப்ளவி உனக்குச் சொல்லிக்கொடுத்தது 'லெவல் ஆஃப் வயலன்ஸ்', வன்முறையின் அளவு. முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரு வகைமை தன் அடித்தளமாக வைத்திருந்த கலைச்சொல்லை ஒரு கோமாளி இரண்டு வாக்கியத்தில் அவிழ்த்துவிடுகிறான். கட்டவிழ்ப்பு பற்றி நாம் எழுதித் தள்ளிய பக்கங்களை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கட்டியங்காரன்கூட இந்த அளவுக்குப் போவதில்லை. விடியும்போது கர்ணன் சாவான், துரியோதனன் தொடையில் அடி விழும்; அந்த வரிசையை அவன் கலைக்க மாட்டான். இங்கே வரிசையே ஆடுகிறவன் கையில்.

அண்டர்டேலை இப்படிக் கொண்டாடும்போது ஒரு நெருடலும் இருக்கிறது. கருணைப் பொத்தான் வேலை செய்வதற்குக் காரணம், அதன் பூதங்கள் பேசுகின்றன, அடிப்படையில் நல்லவை, நம் நட்புக்கு ஏங்குகின்றன என்பது. மற்றமை என்பது தடவிக்கொடுத்தால் குழைகிற ஒன்று என்ற தாராளவாத நம்பிக்கை. ஸ்ரீமதுரையிலோ தேவர்சோலையிலோ இரவு வாழைத்தோட்டத்துக்குள் இறங்குகிற யானையிடம் அப்படி ஒரு பொத்தான் கிடையாது. 2014-இல் தொட்டபெட்டாப் பக்கத்திலும் 2016-இல் தேவர்சோலைப் பக்கத்திலும் ஆளைக் கொன்ற புலிகளைச் சுட்டுத்தான் வீழ்த்தினார்கள். 2021-இல் கூடலூர் - மசினகுடி வட்டாரத்தில் 4 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலியைப் பிடிக்க உத்தரவு வந்தபோது, தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் சுடச் சொன்னார்கள்; வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், முதலில் உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றாயிற்று; 21 நாள் தேடல், அக்டோபர் 15-இல் மயக்க ஊசி, மைசூர். கருணை என்பது இங்கே கும்கி, கேமரா, தடம் பார்க்கும் பழங்குடிகள், நீதிமன்றம், நடுவில் இன்னொரு ஆள் சாகாமலிருக்கும் அதிர்ஷ்டம் என்று நீள்கிற விவகாரம். அந்தக் கருணையின் செலவைத் தாங்குகிறவர்கள், சாயங்காலம் நடந்து வீடு திரும்ப வேண்டிய தோட்டக் கூலிகள். எந்த விளையாட்டும் அவர்களைப் பாத்திரமாக்கவில்லை.

அந்தப் புலிக்குப் பெயர் டி-23. முதுமலையில் எத்தனை புலி உயிரோடு இருக்கிறது என்று எண்ணியபோது விழுந்த எண். ஹாமில்டனின் புத்தகத்தில் எண் ஏறுவது விலங்கு விழுந்த பிறகு. இங்கே எண் விழுந்தது அது நடமாடிக்கொண்டிருந்ததால். ஆகவே கணக்கு வைப்பதே பாவம் என்று சொல்வதற்கில்லை. இதே காட்டில், ஒன்றரை நூற்றாண்டில், கணக்கின் திசை ஒருமுறை மாறியிருக்கிறது. மனிதச் சாவுக்கு வனத்துறை வைத்திருக்கும் இழப்பீட்டுப் பதிவேடு மூன்றாவது வகைக் கணக்கு. அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

அண்டர்டேலில் ஒருவரையும் கொல்லாமல் முடித்தால் பூதங்கள் எல்லாம் வெயிலைப் பார்க்கின்றன. அதன் பிறகு விளையாட்டை மறுபடி திறந்தால் ஃப்ளவி வந்து, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், தயவுசெய்து மறுபடி தொடங்காதே, விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கும் பொத்தானை விளையாட்டு எடுத்துவிடவில்லை, அங்கேயேதான் வைத்திருக்கிறது. ஆடியவர்களில் பலர் அதை அழுத்தினார்கள், எல்லோரையும் கொன்றால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக.